தண்டவாள இடைவெளியில் தொடங்குங்கள்

உப்புவெளியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். கனடாவில் இருக்கும் அண்ணன் உங்கள் மகனுக்கென்று ஒரு மாதிரி ரயில் செட் அனுப்பியிருக்கிறார். எச்.ஓ. அளவு, ஒரு டீசல் எஞ்சின், சில சரக்குப் பெட்டிகள், ஒரு வட்டம் போடத் தண்டவாளம். மகனைவிட நீங்கள்தான் அதில் மயங்கிவிட்டீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அதை வைத்து, சின்ன வயதில் திருகோணமலையில் ஏறிக் கொழும்புக்குப் போன இரவுத் தபால் ரயிலைச் செய்ய முடியுமா, கடற்காற்றில் அது தாங்குமா, பிறகு ஒருநாள் பிள்ளைகள் ஏறி உட்காரக்கூடிய குட்டி நீராவி எஞ்சின் ஒன்றை இங்குள்ள பட்டறையிலேயே செய்விக்கலாமா என்று கேட்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: எந்த அளவில் இறங்கினால் காசும் உழைப்பும் வீணாகாது?

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் உலோக வேலை கற்பித்து ஓய்வுபெற்றவன். வீடு உவர்மலையில். மாதிரி ரயில் என் நெடுநாள் பொழுதுபோக்கு. கடைசல், பற்றவைப்பு, மின் இணைப்பு பற்றி நான் சொல்வது கையால் செய்து அறிந்தது. கொதிகலனைச் சோதிக்கத் தெரியும். ஆனால் செய்து கொடுப்பதில்லை. அதன் காரணத்தை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

எதற்கும் முன்னால், செட்டோடு வந்திருக்கும் மின்மாற்றியைச் சுவரில் செருகிவிடாதீர்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றியின் அடியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால் புகைதான் வரும். கடையில் விற்கும் பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தைக் குறைக்காது. எஞ்சினுக்கு வேண்டியது அதிகபட்சம் 12 வோல்ட் நேர்மின்னோட்டம். 12 வோல்ட், 1 அம்பியர் அடாப்டர் ஒன்றும், முன்பின் மாற்றும் சுவிட்சோடு கூடிய சிறிய வேகக் கட்டுப்படுத்தி ஒன்றும் இப்போதைக்குப் போதும். டி.சி.சி. என்ற இலக்க முறைக் கட்டுப்பாட்டைப் பற்றி நிறையப் படிப்பீர்கள். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்ட ஆசை வரும் நாளில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி இடைவெளிக்கு வருவோம். இந்தப் பொழுதுபோக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம். கனடாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அது 1435 மில்லிமீற்றர். எச்.ஓ. என்பது 87இல் ஒரு பங்கு. ஆகவே அந்தத் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர், கணக்குச் சரியாக வருகிறது. நம் நாட்டு அகலப்பாதையோ ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். அதை 87ஆல் வகுத்தால் 19.3. ஆக, நம் ரயிலை உங்கள் தண்டவாளத்தில் நிறுத்தினால் கால்கள் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் ஒடுங்கி நிற்கும். ஆங்கிலேயரின் ஓ.ஓ. அளவில் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் அதே 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தில், சற்றுப் பெரிய, 76இல் ஒரு பங்கு வண்டியை ஏற்றுகிறார்கள். அந்த அளவில் நம் பாதை 22 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், கால்வாசி குறைகிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது இது கண்ணில் படாது. எஞ்சினை நேர்முகமாகப் பார்த்தால், மேடைச் சரிவில் நின்று ரயில் வருவதைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் உறுத்தும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. இரண்டையும் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்று, உறுத்தலைப் பொறுத்துக்கொண்டு கிடைக்கும் தண்டவாளத்திலேயே ஓட்டுவது. மற்றது, தண்டவாளத்தைச் சொந்தமாகப் போடுவது. அயர்லாந்துக்காரர்களின் பாதை ஐந்தேகால் அடி. அவர்களில் விடாப்பிடிக்காரர்கள் ஓ.ஓ. விகிதத்தில் 21 மில்லிமீற்றர் தண்டவாளத்தைக் கையாலேயே போடுகிறார்கள். வேலை கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். மின்சுற்றுப் பலகையை, செம்புத் தகடு ஒட்டிய அந்தப் பலகையைத்தான் சொல்கிறேன், சிலிப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) அகலத்துக்குக் கீற்றுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் முக்கோண அரத்தால் செம்பை ஒரு கோடு போல அறுத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரு தண்டவாளங்களும் மின்சாரத்தால் இணைந்துவிடும். பிறகு தண்டவாளத்தின் அடிப்பாகத்தைச் செம்போடு ஈயப்பற்று வைத்து ஒட்டுகிறோம். ஒவ்வொரு சிலிப்பரையும் ஒட்டியவுடனே பல்மானியை (மல்ரிமீற்றரை) வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு மீற்றர் பாதையை முடித்த பிறகு எந்தச் சிலிப்பரில் செம்புத்தூள் சிக்கியிருக்கிறது என்று தேடுவதைப் போன்ற தலைவலி வேறில்லை. சில்லுகளையும் புதிய அச்சில் தள்ளி வைக்க வேண்டும்: ஓ.ஓ. சில்லுகளின் உட்பக்கங்களுக்கு இடையே 14.5 மில்லிமீற்றர், 22 மில்லிமீற்றர் பாதைக்கு அதை 20 ஆக்கினால் ஓடும். நேர்பாதை வரைக்கும் இது சுகமான வேலை. பாதை மாற்றும் பொயின்ற் ஒன்றைச் செய்யத் தொடங்கும்போதுதான் பலர் இதைக் கைவிடுகிறார்கள்.

உங்களுக்கு என் தீர்ப்பு: பொறுத்துக்கொள்ளுங்கள். செட்டில் உள்ள அளவிலேயே, 87இல் ஒரு பங்கில், அதே 16.5 மில்லிமீற்றரில் செய்யுங்கள். மூன்று மில்லிமீற்றருக்காக ஒரு சிறுவன் ஆறு மாதம் காத்திருக்க மாட்டான். அந்தச் செட் கனடாவில் இருந்து வந்ததிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. நம் பாதைகளில் ஓடிய எம்-2 வகை டீசல் எஞ்சின்கள் கனடா, கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் நமக்கு அளித்தவை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒன்டாரியோவில் உள்ள லண்டன் நகரத்தில் கட்டியது. 12 சிலிண்டர், 1,425 குதிரைவலு. ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, மனிடோபா என்று கனடிய மாகாணங்களின் பெயர்ப் பலகைகளோடு அவை ஓடியதை உங்கள் அண்ணனும் பார்த்திருப்பார். பெட்டியில் உள்ள எஞ்சினும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்க வடிவமாக இருக்க வாய்ப்புண்டு. மேற்கூட்டைக் கழற்றிவிட்டு, கீழ்ச்சட்டத்தின் நீளத்துக்கு ஏற்ப பிளாஸ்டிக் தகட்டில் எம்-2இன் கூட்டைச் செய்து கவிழ்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எம்-2களில் பெரும்பாலானவற்றின் ஒவ்வொரு போகியிலும், அதாவது எஞ்சினுக்கு அடியில் சில்லுகளைத் தாங்கும் சட்டத்திலும், மூன்று அச்சுகள். நடு அச்சு எடையைத் தாங்குமே தவிர இழுக்காது. செட்டில் உள்ளது இரண்டு அச்சுப் போகி என்றால் மூன்றாவதை வெறும் தோற்றத்துக்காகப் பக்கச் சட்டத்தில் ஒட்டிவிடுங்கள். பயணப் பெட்டிகளுக்கு, நம்மவர்கள் ருமேனியப் பெட்டி என்று சொல்லும் அந்தப் பழுப்புநிறப் பெட்டிகள் தட்டையான பக்கங்கள் கொண்டவை. முதன்முதலில் செய்து பழக அவைதான் சுலபம்.

எந்த இடத்தைச் செய்வது என்றும் யோசியுங்கள். 1927இல் திறந்த நம் கிளைப்பாதையின் கடைசி நிலையம் திருகோணமலை. முடிவு நிலையம் மாதிரி ரயிலுக்கு நல்லது, இடம் குறைவாகப் பிடிக்கும், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டும் விளையாட்டும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது சீனக்குடா. பக்கத்தில் குடாவின் தண்ணீர், கோதுமை மா ஆலைக்குள் நுழையும் பக்கப்பாதை, சரக்குப் பெட்டிகளைத் தள்ளி ஒதுக்கும் வேலை. அண்ணன் அனுப்பிய சரக்குப் பெட்டிகளுக்கும் அங்கே பிழைப்பு உண்டு. அளவெடுக்கவோ படம் எடுக்கவோ போகும்போது நிலைய அதிபரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். துறைமுகமும் கடற்படையும் விமானப்படையும் உள்ள ஊர்; கையில் அளவுநாடாவோடு தண்டவாளத்தின் ஓரம் குந்தியிருப்பவரைப் பார்த்து யாரும் முதலில் மாதிரி ரயில்காரர் என்று நினைக்கப்போவதில்லை.

கணக்குச் சரியாக வரவேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், நம் நாட்டிலேயே அதற்கும் ஒரு வழி இருக்கிறது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1990களில் அகலமாக்கப்படும் வரை இரண்டரை அடிக் குறும்பாதை, 762 மில்லிமீற்றர். நானுஓயாவில் இருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குப் போன மலைப்பாதையும் அதே அளவுதான். அது எப்போதோ மூடப்பட்டுவிட்டது. 762ஐ 87ஆல் வகுத்துப் பாருங்கள், 8.8 வரும். கடையில் விற்கும் ‘என்’ (N) என்ற சிறிய அளவின் தண்டவாளம் 9 மில்லிமீற்றர். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதாவது, எச்.ஓ. அளவு மனிதர்கள், வீடுகள், மரங்கள் அப்படியே இருக்க, ‘என்’ அளவின் தண்டவாளத்தையும் குட்டி மோட்டார்ச் சட்டத்தையும் கடன் வாங்கி நம் குறும்பாதை ரயிலைத் துல்லியமாகச் செய்யலாம். ஜப்பானின் கட்டோ நிறுவனம் விற்கும் நாலு சில்லு, எட்டு சில்லுச் சட்டங்களை உலகெங்கும் குறும்பாதைக்காரர்கள் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். சாதாரண ‘என்’ அளவுத் தண்டவாளத்தின் சிலிப்பர்கள் மிக நெருக்கமாக இருப்பதால் அது குறும்பாதை போலத் தோன்றாது. பீக்கோ நிறுவனம் சிலிப்பர்களை அகலத் தள்ளிவைத்துத் தனியாக ஒன்று செய்கிறது, அதை வாங்குங்கள். ஆரை 23 சென்ரிமீற்றர் வளைவில்கூடத் திரும்பும் என்பதால் ஒரு பழைய கதவுப் பலகையே போதும். அகலப்பாதை ரயிலுக்குப் பிறகு உங்கள் இரண்டாவது முயற்சி இதுவாக இருக்கட்டும். நீலகிரி மலை ரயிலில் ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வரி: அது மீற்றர்ப் பாதை. 22.5இல் ஒரு பங்கு அளவில் 45 மில்லிமீற்றர் தண்டவாளம் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஆனால் அது முற்றத்து அளவு, மேசை அளவு அல்ல.

கடற்காற்றைப் பற்றித்தான் நம் ஊர்க்காரருக்கு எழுத நிறைய இருக்கிறது. வெளிநாட்டார் எழுதிய வழிகாட்டிகளில் இது கிடைக்காது. உப்புவெளி வீட்டில் தண்டவாளத்தின் மேல் படிவது தூசி மட்டுமல்ல, உப்பு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். நம் ஊரில் ஈரப்பதன் அதற்குக் கீழே போகும் நாளை நான் அறியேன். எனவே அந்தப் படலம் ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கும், வாடைக்காற்று வீசும் மாதங்களில் இன்னும் மோசமாக. இரும்புத் தண்டவாளம் என்றால் கறள்தான். நிக்கல் சில்வர் என்று சொல்லப்படும் செம்பு, நிக்கல், நாகம் (துத்தநாகம்) கலந்த தண்டவாளத்தையே வாங்குங்கள். செட்டில் வந்தது எது என்று அறிய ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு.

தண்டவாளம் துடைக்க வெளிநாட்டார் மதுசாரத்தையோ மண்ணெண்ணெய் வகையையோ சொல்வார்கள். இரண்டுமே எண்ணெய் அழுக்கை எடுக்கும், உப்பைக் கரைக்காது. ஆகவே நமக்கு முதல் துடைப்பு, காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால். காய்ந்த பிறகுதான் மற்றது. இந்த வரிசை நிச்சயமானது. அடுத்ததாக எதைப் பூசுவது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. மதுசாரம் துடைத்த தண்டவாளத்தில் கறுப்புப் படிவு விரைவில் திரும்ப வருகிறது, மண்ணெண்ணெய் வகைக்கு அப்படி வருவதில்லை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே பறக்கும் நுண்பொறிதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். என் அனுபவம் அதன் பக்கம் சாய்கிறது; அதற்கு மேல் சத்தியம் செய்ய மாட்டேன். நிக்கல் சில்வரின் ஒட்சைட்டு மின்சாரத்தைக் கடத்தும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதை நம்பித் துடைக்காமல் விட்டால் எஞ்சின் நின்றுவிடும் என்பதுதான் நடைமுறை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். விழும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். பல்லி எச்சத்துக்கு நான் கண்ட ஒரே மருந்து, ஓடாத நேரத்தில் பழைய வேட்டி ஒன்றைப் பாதையின் மேல் விரித்து மூடுவது.

எஞ்சினையும் பெட்டிகளையும் தண்டவாளத்தின் மேல் அழகுக்கு விட்டுவைக்க வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் உணவுப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால் ஈரம் ஏறியதும் 120 பாகை செல்சியசில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். அச்சுமுனைகளுக்கு எண்ணெய் என்றால் ஊசிமுனையில் தொங்கும் அளவு. பிளாஸ்டிக்கைத் தின்னாத வகை என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். சமையலறைத் தேங்காயெண்ணெய் கூடாது, பிசினாகிவிடும். பழைய எஞ்சின்களை இணையத்தில் மலிவாக வாங்க நினைத்தால், நாக வார்ப்புச் சட்டத்தை உற்றுப் பாருங்கள். ஈயக் கலப்பு கூடிய பழைய நாக வார்ப்பு உள்ளிருந்தே வெடித்து உதிரும்; வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். இங்கிலாந்தின் குளிரில் தாங்கிய ஒன்று இங்கே நெடுநாள் தாங்கும் என்று எண்ண வேண்டாம். முப்பரிமாண அச்சில் எம்-2 கூட்டை எடுத்துத் தர நகரத்தில் இப்போது ஆட்கள் கிடைக்கலாம். பி.எல்.ஏ. என்ற பொருளில் எடுத்தால் 60 பாகையை நெருங்கும்போது இளகிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ தகரக் கூரையின் அடியிலோ அந்த வெப்பம் வரும். பி.ஈ.ரி.ஜி. அல்லது ஏ.பி.எஸ். கேளுங்கள்.

பலகை. கச்சான் காற்றுக் காலத்தில் காய்ந்து சுருங்குவதும் வாடையில் ஊறிப் பருப்பதும்தான் இங்கே பிளைவுட்டின் வாழ்க்கை. படகு கட்டுபவர்களிடம் கடற்பாவனைப் பிளைவுட்டின் வெட்டுத்துண்டுகள் கிடைக்கும். நம் ஊரில் வாழ்வதன் இலாபம் அது. எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று, 44 சென்ரிமீற்றர் ஆரையில் வளையும் எச்.ஓ. வட்டத்துக்குப் போதுமானது. மேற்பக்கத்தை மட்டும் வார்னிஷ் அடித்துவிட்டால் அது வளையும். கீழ்ப்பக்கம், ஓரங்கள், ஆணித் துளைகள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். மேசைக் கால்களைக் கறையான் ஏறாதபடி தரையில் இருந்து உயர்த்துங்கள். தண்டவாளமும் நீளும்: ஒரு மீற்றர் நிக்கல் சில்வர், 30 பாகை சூடேறினால் சுமார் அரை மில்லிமீற்றர். காலையில் குளிரில் பொருத்துவதாக இருந்தால் இணைப்புகளில் அந்த இடைவெளியை விடுங்கள். நண்பகலில் பொருத்தினால் முட்டவைத்தே பொருத்தலாம்.

இனி நீராவி. ஆசை எனக்குப் புரிகிறது. கொழும்பில் இருந்து சுற்றுலாப் பயணிகளுக்காக இழுத்த பழைய நீராவி எஞ்சினைப் பார்த்தவர்கள் யாருக்கும் அது விட்டுப்போகாது. ஆனால் பிள்ளைகளை இழுக்கும் அளவு நீராவி எஞ்சினை இங்குள்ள பட்டறையில் செய்விப்பதற்கு என் பதில், வேண்டாம். காரணம் கொதிகலன். தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு பருமன் ஆகிறது. அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 பாகையைத் தாண்டிச் சூடேறி நிற்கும். ஓர் இணைப்பு விட்டால் அதில் ஒரு பங்கு அந்தக் கணமே நீராவியாகும். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அழுத்தத்தில் உள்ளே வெப்பம் 170 பாகை. ரேடியேற்றர் ஒட்டும் சாதாரண ஈயப்பற்று உருகத் தொடங்குவது 183 பாகையில். அந்த இடைவெளியை நினைத்துப் பாருங்கள். கொதிகலனுக்கு 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப்பற்று வேண்டும். தடித்த செம்புத் தகடு முழுவதையும் ஒரே சூட்டில் செந்நிறமாக்கிச் செய்யும் வேலை அது. படகுக்கும் முச்சக்கர வண்டிக்கும் அருமையாகப் பற்றவைக்கும் கைக்கு இது வேறு தொழில். பழைய சமையல் வாயு உருளையை வெட்டிக் கொதிகலன் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் கிணற்று நீரும் உப்பும் அந்த இரும்பை உள்ளிருந்து தின்னும். வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

சோதனை எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் யாரிடமாவது எஞ்சின் வாங்கினால் உதவும். கொதிகலனில் காற்றுக் குமிழி மிஞ்சாமல் குளிர்ந்த நீரை நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தின் இரு மடங்குக்கு ஏற்றி, முள் இறங்குகிறதா, தட்டையான தகடுகள் பிதுங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். நீர் அமுங்காது, ஆகவே எங்கேனும் விட்டாலும் ஒரு சொட்டு ஒழுகும், அவ்வளவுதான். அதே சோதனையைக் காற்றால் செய்தால் அது வெடிகுண்டு. புதிய கொதிகலனுக்கு இரு மடங்கும் பிறகு காலமுறைச் சோதனைக்கு ஒன்றரை மடங்கும் என்பது பிரித்தானியக் கழகங்களின் வழக்கம். சோதனைச் சான்றிதழ் இல்லாத கொதிகலனை நான் சூடேற்றமாட்டேன், மற்றவருக்கும் செய்து கொடுக்கமாட்டேன். நான் செய்த ஒன்றைப் பக்கத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னொருவர் ஓட்டுவார் என்ற எண்ணமே போதும், தூக்கம் போய்விடும்.

நீராவி வேண்டுமென்றால் சிறியதாக வாங்குங்கள். 32 மில்லிமீற்றர் தண்டவாளத்தில், 24இல் ஒரு பங்கு அளவில், நம் இரண்டரை அடிக் குறும்பாதை 31.75 மில்லிமீற்றர் ஆகிறது. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. வாயு எரித்து ஓடும் குட்டி எஞ்சின், சோதித்த செம்புக் கொதிகலனோடு, பாதுகாப்பு வால்வோடு விற்பனையில் இருக்கிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று ஓட்டுவது. எரிவாயுவில் ஓர் எச்சரிக்கை: குளிர்நாட்டு முகாம்களுக்காக புரொப்பேன் கலந்து விற்கும் வாயுவை நம் வெயிலில் இதன் தாங்கியில் அடைக்காதீர்கள். ஒரே வெப்பத்தில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைவிடப் பல மடங்கு. தனிப் பியூட்டேன் மட்டும். தண்ணீருக்குக் காய்ச்சி வடித்த நீர். அயன் நீக்கிய நீர் பித்தளையில் இருந்து நாகத்தை இழுத்துவிடும் என்று சில தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள், சிலர் பொருட்படுத்துவதில்லை. உங்கள் எஞ்சினோடு வரும் கையேடு சொல்வதைக் கேளுங்கள். கிணற்று நீர் மட்டும் வேண்டாம், உள்ளே சுண்ணம் கட்டிவிடும்.

பிள்ளைகள் ஏறி உட்காரும் வண்டிக்கு மின்கலம்தான். இதை நம் ஊரில் தாராளமாகச் செய்யலாம். தண்டவாள இடைவெளி ஏழேகால் அங்குலம், அதாவது 184 மில்லிமீற்றர். ஐந்து அங்குலத்திலும் செய்கிறார்கள், ஆனால் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு அகலமானதே நல்லது. வண்டியும் பயணிகளும் சேர்ந்து 250 கிலோ, பாதையில் 50க்கு 1 ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்துக்கு ஏறக்குறைய 50 நியூட்டன் விசை. உருளும் தடைக்கும் அதே அளவு ஒதுக்கினால் 100. நடை வேகமாக விநாடிக்கு ஒன்றரை மீற்றர் என்றால் 150 வாற் போதும். மின்ஸ்கூட்டருக்கு வரும் 24 வோல்ட், 250 வாற் மோட்டார் ஒன்றும், 12 வோல்ட் மின்கலம் இரண்டும், சங்கிலியும். கையை எடுத்தால் நின்றுவிடும் சுவிட்சையும் சங்கிலிக்கு முழு மூடியையும் முதல் நாளே போடுங்கள், பிறகு என்று தள்ளாதீர்கள்.

சில்லுகளைக் கடைசல் பட்டறையில் கேளுங்கள். படகின் சுழலி அச்சுக் கடைபவர்களுக்கு இது எளிய வேலை, ஆனால் இரண்டு விஷயங்களை வரைந்து கொடுக்க வேண்டும். முதலாவது, சில்லின் ஓடும் பரப்பு தட்டையாக இருக்கக்கூடாது. விளிம்புப் பக்கம் பெரிதாக, வெளிப்பக்கம் சிறிதாக, 20க்கு 1 என்ற சரிவில் இருக்க வேண்டும். அச்சு இடப்பக்கம் ஒதுங்கினால் இடச் சில்லு தன் பெரிய விட்டத்தில் ஓடும். கூடுதல் தூரம் போகும். அச்சு தானாக நடுவுக்குத் திரும்பும். பெரிய ரயிலையும் வளைவில் வழிநடத்துவது இதுதான். விளிம்பு கடைசிக் காவல் மட்டுமே. விளிம்பும் பரப்பும் சேரும் மூலையைக் கூராக விடாமல் வளைத்துக் கடையச் சொல்லுங்கள். இரண்டாவது, பட்டறைக்காரர் பழக்கத்தில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஒரு பேரிங் வைத்துவிடுவார், வண்டிச் சில்லுக்கு அப்படித்தானே. அப்படிச் செய்தால் இரு சில்லும் தனித்தனியே சுழலும், மேலே சொன்ன வித்தை நடக்காது, வளைவில் விளிம்பு ஏறும். இரு சில்லுகளையும் அச்சோடு இறுக்கி அடித்துவிட்டு, பேரிங்கைச் சட்டத்தில் அச்சைத் தாங்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

பாதைக்கு 25க்கு 10 மில்லிமீற்றர் இரும்புப் பட்டையை நிமிர்த்தி, குறுக்குப் பட்டைகளோடு பற்றவைத்தால் சரி. மேல்முகம் ஓட ஓடப் பளபளக்கும், பக்கங்களுக்குக் கறள் தடுக்கும் பூச்சு. உப்புவெளி மணலில் நேரே வைத்தால் ஒரே மழையில் ஒரு பக்கம் புதையும். அடியில் ஒரு சாண் ஆழத்துக்குக் கருங்கல் சல்லி போடுங்கள். வளைவின் ஆரை 5 மீற்றருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் அவ்வளவு இடமில்லை என்றால் வட்டமே வேண்டாம், வேலியோரமாக நேராகப் போய்த் திரும்பி வரும் பாதை போடுங்கள். பிள்ளைகளுக்கு ஓட்டுநர் இடம் மாறி உட்காருவதே ஒரு விளையாட்டு.

பழைய எஞ்சின்களைக் கிட்ட நின்று பார்க்க கடுகண்ணாவையில் 2014இல் திறந்த புகையிரத அருங்காட்சியகத்துக்கு மகனோடு ஒருமுறை போய்வாருங்கள். பெரிய எஞ்சின்களின் சில்லுச் சரிவை அங்கே விரலால் தடவிப் பார்க்கலாம். இப்போதைக்கு மின்மாற்றியின் அடியில் எழுதியிருப்பதையும், எஞ்சினின் போகிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும், பலகை வைக்கப்போகும் அறையின் அளவையும் எழுதி அனுப்புங்கள். எம்-2இன் கூடு அந்தச் சட்டத்தில் உட்காருமா என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.